கழுமரத்தடியில் பிரெக்ட்

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்தோல்ட் பிரெக்ட்டின் தூரப்படுத்தலை, அதாவது பார்ப்பவர் கதையில் கரைந்துவிடாமல் விலகி நின்று யோசிக்கச் செய்யும் முறையை, பல வருடமாகப் பலகையில் எழுதித்தான் படிப்பித்தேன். 1935இல் மொஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் ஆட்டத்தைப் பார்த்தார், அடுத்த வருடம் சீன நடிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார், நடிகன் பாத்திரமாகவே மாறிவிடாமல் அதைக் காட்ட வேண்டும் என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். சோதனைக்கு அது போதும்.

பிறகு ஒரு தவணையில், காத்தவராயன் கூத்தின் ஒரு பகுதியைப் பழக்குவதற்கு வயதான அண்ணாவியார் ஒருவரை, கூத்துப் பழக்கும் ஆசானை, கூட்டிவந்தோம். அந்தக் கூத்தில் காத்தவராயனின் முற்பகுதியை ஆடுபவர் ஆதிகாத்தான், பிற்பகுதியை ஆடுபவர் பிற்காத்தான். ஒரு மாணவி கேட்டாள்: “ஆதிகாத்தானும் பிற்காத்தானும் வேற வேற ஆக்களெண்டால் சனம் குழம்பாதோ?”

“ஏன் பிள்ளை குழம்பப் போகினம்? காத்தான் ஒராள்தான். ஆடுறவன் மாறுவான்.”

நான் பலகையில் எழுதிவந்தது அந்த வாயில் எவ்வளவு லேசாக வந்தது! ஆனாலும் ‘எங்களிடம் அப்போதே பிரெக்ட் இருந்தார்’ என்று மார்தட்ட எனக்கு மனமில்லை. அது இருவருக்கும் அநியாயம். உணர்ச்சியில் கரைந்தவன் யோசிக்க மாட்டான் என்று பிரெக்ட் அஞ்சினார். இங்கே அம்மன் கோயில் வீதியில், நேர்த்திக்காக ஆடப்படும் கூத்தில், ஆள் மாறியதைக் கண்ணால் கண்ட சனமே காத்தான் கழுமரம் ஏறும்போது விம்மி அழுகிறது. தூரமும் கண்ணீரும் ஒரே பாயில் இருக்கின்றன. அது எப்படி என்ற கேள்வி நூலகத்தில் எனக்குக் கிடைத்ததில்லை, பழக்கும்போதுதான் கிடைத்தது.

கலைகள் இப்படிப் போய்வருவது புதிதல்ல. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் மேடையேறியபோது, தமிழ்க் கூத்தோடு உறவுள்ள ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவத்தை எடுத்தாண்டது. அந்தத் தூண்டுதலில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் கூத்தைப் புதிதாக மேடையேற்றினார்.

வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தில் ஆராய்ச்சி, கற்பித்தல், படைப்பு என்று மூன்று கட்டங்கள். அந்தத் தவணையை எதற்குள் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன், மூன்றிலும் எழுதினேன்.

இப்போது வகுப்பில் முதலில் கூத்தின் ஆட்டக் கால் பழகுகிறோம், பிரெக்ட் பிறகு வருகிறார். அந்த மாணவி ஆய்வுக்காக இரவிரவாகக் கூத்துப் பார்க்கப் போனாள். அழுதுகொண்டிருந்த ஒரு தாயிடம், “காத்தானுக்காகவோ அம்மா அழுதனீங்கள்?” என்று கேட்டாளாம்.

“காத்தானுக்கும்தான் பிள்ளை.”

குறிப்புக் கொப்பியில் இருந்த அந்த வரியைத் திருத்தாமல் முதல் அத்தியாயத்தில் போடச் சொன்னேன்.