விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவரே பேட்டி எடுக்கலாமா?

ஒரு பள்ளியில் துணை முதல்வராக வேலை பார்த்துக்கொண்டே கல்வித் தலைமைத்துவம் மற்றும் நிர்வாகம் என்ற துறையில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். இதில் சேர நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வேலையையும் படிப்பையும் எப்படிச் சமாளிப்பது, எத்தனை வருஷம் இழுக்கும், பதவி உயர்வுக்கு உதவுமா என்பவைதான். நியாயமான கேள்விகள். ஆனால் நேரப் பற்றாக்குறை, எல்லா வேலையிலும் இருக்கிற மாதிரி, எப்படியோ சமாளித்துவிடக்கூடியதுதான். என்னை உண்மையிலேயே திணறடித்தது வேறு: நான் அதிகாரத்தில் இருக்கும் இடத்தையே நான் ஆராயப் போகிறேன் என்பது.

முதலில் பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கல்வியில் முனைவர் பட்டத்துக்கு பிஎச்.டி., எட்.டி. (டாக்டர் ஆஃப் எஜுகேஷன்) என்று இரண்டு வழிகள் பல நாடுகளில் உண்டு. ஹார்வர்டில் 1920-ல் கல்விக்கென்று தனிப் பள்ளி தொடங்கியபோது வந்ததுதான் எட்.டி.; களத்தில் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து உருவான பட்டம். போகப் போக இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் மங்கிப்போய், பள்ளி நடத்துகிறவர்களும் பேராசிரியராகப் போகிறவர்களும் ஒரே மாதிரி ஆய்வேடு எழுதும் நிலை வந்தது. 2005-ல் ஆர்தர் லெவின், அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜுக்குத் தலைவராக இருந்தவர், பள்ளித் தலைமைக்கான எட்.டி. பட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 2007-ல் கார்னகி பெயரிலான ஒரு கூட்டுத் திட்டம், ஒழிக்க வேண்டாம், திருத்தி அமைப்போம் என்று பல பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பியது. நடைமுறையில் கையில் இருக்கும் ஒரு சிக்கலையே ஆய்வின் மையமாக வைக்க வேண்டும் என்பது அதிலிருந்து பரவலான எண்ணம். எனக்கு அது சரியாகப் பட்டது. நூலகத்தில் கிடைக்கும் இடைவெளியைத் தேடி ஆய்வு செய்வதைவிட, தினமும் என் மேஜைக்கு வரும் பிரச்சினையை ஒழுங்காகப் பார்ப்பது மேல்.

என் பிரச்சினை ஆசிரியர் கூட்டம். மணிக்கணக்கில் கூடுகிறோம், ஆனால் வகுப்பில் பிள்ளைகள் எதைப் புரிந்துகொள்ளாமல் தவிக்கிறார்கள் என்ற பேச்சே வருவதில்லை. ஏன்? பழைய கூட்டக் குறிப்பேடுகளை எடுத்து வரி வரியாகப் படித்துக் குறியிட ஆரம்பித்தேன். தேர்வு அட்டவணை, விழா ஏற்பாடு, வருகைப் பதிவு, மேற்பார்வைப் பணி எல்லாம் மேலே இருக்கும். கற்பித்தல் தொடர்பான விஷயம் எப்போதும் கடைசி. அதன் எதிரே திரும்பத் திரும்ப ஒரே குறிப்பு: நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தின் குறிப்பைப் புரட்டினால் மறுபடியும் கடைசி, மறுபடியும் ஒத்திவைப்பு. தினமும் அதே அறையில் உட்கார்ந்திருந்தவருக்குக் கண்ணில் படாத விஷயம், நிறக்குறி போட்ட தாள்களை வரிசையாகப் பரப்பியபோது பளிச்சென்று தெரிந்தது.

கார்ல் வைக் 1976-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் படிப்பது. பள்ளியின் பகுதிகள் தளர்வாகத்தான் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன, அலுவலகத்தில் எடுக்கும் முடிவு அப்படியே வகுப்பறைக்குள் போய்ச் சேர்வதில்லை என்ற பார்வை அது. அதைப் படித்த பிறகு குறிப்பேடு வேறு மாதிரி தெரிந்தது. நிர்வாகம் நிர்வாகத்தைப் பேசுகிறது, கற்பித்தல் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நடக்கிறது. இரண்டும் சந்திக்கக்கூடிய ஒரே மணி நேரத்தை மேற்பார்வைப் பணி அட்டவணை தின்றுவிடுகிறது.

சரி, குறிப்பேடு பேசாது, ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும். இங்கேதான் சிக்கல். முன்னோட்டப் பேட்டிக்கு ஒரு ஆசிரியை வந்தார். கையில் பாடத்திட்டக் குறிப்பேடு, மதிப்பெண் பதிவேடு, பேனா. ஆண்டு மதிப்பீட்டுக்கு வருவதைப் போலவே வந்து உட்கார்ந்தார். கூட்டங்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் போகுது மேடம்" என்றார். எந்தக் கேள்விக்கும் அதே பதில்தான், சொற்கள் மட்டும் மாறின. ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு நன்றி சொன்னேன். கதவுவரை போனவர் திரும்பி நின்று, போன வருஷம் கூட்டத்தில் தான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியதையும், அடுத்த வாரமே தன் வகுப்புக்கு மேலிடத்திலிருந்து ஆள் வந்து உட்கார்ந்ததையும், அதற்குப் பிறகு தான் வாயே திறப்பதில்லை என்பதையும் சொன்னார்.

முழுப் பேட்டியில் கிடைக்காதது அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. என் வழிகாட்டியிடம் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். "அது உங்களை நம்பிச் சொன்னது. ஆய்வுக்குச் சொன்னதில்லை." பிறகு அந்த ஆசிரியையிடமே போய் விளக்கி அனுமதி கேட்டேன். யோசித்து, பெயரும் வகுப்பும் தெரியாதபடி எழுதலாம் என்றார்; இங்கே எழுதுவதும் அவர் படித்துப் பார்த்துச் சரி சொன்ன அளவுக்குத்தான்.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குப் பாதிப்பு வராதபடி ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு கேட்ட கேள்வியும் இதேதான், கொஞ்சம் கறாராக. ஒப்புதல் படிவத்தில், விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், யார் விலகினார் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியும். அவருடைய விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது யார்? நான்தான். அப்படியென்றால் அது என்ன விருப்பம்? ஆய்வு முறையையே மாற்றி அமைத்தோம். பேட்டிகளை வேறொரு நிறுவனத்தில் இருக்கும் ஆய்வாளர் எடுத்தார். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். எழுத்தாக்கிப் பெயர் நீக்கிய பிறகே என்னிடம் வந்தது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரே பள்ளி என்பதால் பாடத்தையும் அனுபவ ஆண்டுகளையும் போட்டாலே யார் என்று வாட்ச்மேன்கூடச் சொல்லிவிடுவார். அவற்றையும் நீக்கினோம். ஆய்வில் கொஞ்சம் செறிவு குறைந்தது உண்மை. அதனால் பரவாயில்லை, ஒரு ஆசிரியரின் வேலை நிம்மதி என் ஆய்வேட்டின் செறிவைவிடப் பெரிது.

நம்பிக்கையைப் பற்றி ஆண்டனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் சிகாகோ பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் புத்தகமாக வந்தது. மரியாதை, திறமை, தனிப்பட்ட அக்கறை, நேர்மை என்ற நான்கையும் வைத்துத்தான் பள்ளிக்குள் ஒருவரை ஒருவர் எடைபோடுகிறோம் என்கிறார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறவர்கள் திறமையைக் காட்டத்தான் அதிகம் மெனக்கெடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்வி கேட்டவரின் வகுப்புக்கு அடுத்த வாரமே ஆள் அனுப்பும்போது மற்ற மூன்றும் அடிபட்டுப் போகின்றன.

இன்னொரு ஆய்வு என் அன்றாட வேலையை நேராக மாற்றியது. விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு அது, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது. தலைமையின் பல பணிகளில் மாணவர் கற்றலோடு அதிகம் தொடர்புடையதாக அதில் வந்தது, ஆசிரியர்கள் கற்பதை ஊக்குவிப்பதும் தலைவர் தானும் அதில் கலந்துகொள்வதும். ஊக்குவித்தால் மட்டும் போதாது, கலந்துகொள்ள வேண்டும். பயிற்சி நாளில் வரவேற்புரை சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போகும் வழக்கத்தை அன்றோடு விட்டேன். இப்போது பின்னங்கள் கற்பிக்கும் பயிற்சி என்றால் நானும் தாளை மடித்துக்கொண்டு ஆசிரியர்களோடு உட்காருகிறேன். கூட்ட நிரலில் கற்பித்தல் முதலில் வருகிறது. அட்டவணை சமாச்சாரமெல்லாம் எழுத்தில் சுற்றுக்குப் போய்விடுகிறது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் சுருக்கத்தை ஆசிரியர்கள் முன் வைத்தோம். இதை எல்லா வழிகாட்டிகளும் வலியுறுத்துவதில்லை. இந்தப் படிப்பில் இது கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூட்டங்களில் நிலவும் மௌனத்துக்கு அச்சம் காரணம் என்று எழுதியிருந்தேன். சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு வந்து உட்காருகிறோம், பேசத் தெம்பில்லை, எல்லாவற்றுக்கும் பயம் என்று பெயர் வைக்காதீர்கள் என்றார்கள். என்னிடம் இருந்த பேட்டிகளில் இரண்டுக்குமே ஆதாரம் இருந்தது. அதனால் என் விளக்கத்தை எடுக்கவில்லை, அதன் கீழேயே அவர்களுடைய மறுப்பையும் அவர்கள் சொன்னபடியே சேர்த்தேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான். கூட்டத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுவதைப் பற்றி இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.