உள்ளடக்கிய கல்வி: மறைமுக மனப்பான்மையை அளக்கும்போது

"எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் படிக்க வேண்டும்" என்ற, உள்ளடக்கிய கல்வியின் அடிப்படை வரியைக் கேள்வித்தாளில் பார்க்கும் ஆசிரியருக்கு, எதில் குறியிட்டால் நல்ல பெயர் என்பது உடனே தெரிந்துவிடும். ஊனமுள்ள குழந்தைகளையும் பொதுப் பள்ளிகளிலேயே சேர்க்கக் கோரிய 1994 சலமன்கா அறிக்கைக்குப் பிறகு இதற்கு எதிராக வெளிப்படையாகப் பேசுவது இன்னும் கடினம். அதனால்தான், வெளியே சொல்லாத மறைமுக மனப்பான்மையைப் பிடிக்க, விடையோடு, விடை வர ஆகும் நேரத்தையும் அளக்கிறோம்.

இதற்கு அடிப்படை, 1998இல் கிரீன்வால்ட், மெக்கீ, ஷ்வார்ட்ஸ் மூவரும் வெளியிட்ட மறைமுகத் தொடர்புச் சோதனை. திரையில் வரும் சொற்களையும் படங்களையும் இரண்டு விசைகளால் வேகமாகப் பிரிக்க வேண்டும். மனதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இரண்டு கருத்துகளுக்கு ஒரே விசை என்றால் கை முந்தும். சேராதவை என்றால் தயங்கும். ஆனால் அந்த வடிவத்துக்கு எதிரெதிரான இரண்டு பொருள்கள் வேண்டும். உள்ளடக்கிய கல்விக்கு எதிராகச் சிறப்புப் பள்ளியை வைத்தால், வரும் மதிப்பெண் எதன்மீதான விருப்பம், எதன்மீதான வெறுப்பு என்று பிரிக்க முடியாது. ஆகவே 2006இல் கார்பின்ஸ்கியும் ஸ்டைன்மனும் தந்த ஒற்றைப் பொருள் வடிவமே இங்கே பொருத்தம். அதில் உள்ளடக்கிய கல்வி, நல்ல சொற்கள், கெட்ட சொற்கள் என மூன்றே வகை. ஒரு கட்டத்தில் உள்ளடக்கிய கல்வி நல்ல சொற்களோடு விசையைப் பகிரும், மற்றதில் கெட்ட சொற்களோடு. ஒவ்வொரு கட்டத்திலும் 24 முறை பயிற்சி, 72 முறை சோதனை. ஒரே விசையைப் பகிரும் இரு வகைகளும் தலா 7, தனித்து நிற்கும் வகை 10 என்ற விகிதத்தில் கலக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு விசையின் பக்கமே விரல் சாய்ந்துவிடும்.

வேலையின் முக்கால் பங்கு சொல்தேர்வில்தான் இருக்கிறது. சக்கர நாற்காலிப் படம் வைத்தால் அளக்கப்படுவது உடல் ஊனம் பற்றிய எண்ணமே தவிர, கற்பிக்கும் முறை பற்றிய எண்ணம் அல்ல. கேள்வித்தாள் ஆய்வுகளிலேயே உடல் குறைபாடுள்ள குழந்தைகளை ஏற்கும் ஆசிரியர்கள், நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளிடம் தயங்குவது பலமுறை பதிவாகியிருக்கிறது. எந்தக் குழந்தையை மனதில் வைத்து அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாத சோதனையை நடத்தாமலிருப்பதே மேல். "சமவாய்ப்பு", "அரவணைப்பு" போன்றவையும் கூடாது. அவை எந்தத் தலைப்பின் கீழ் வந்தாலும் இனிக்கும் சொற்கள். "கலப்பு வகுப்பு", "துணை ஆசிரியர்", "தனிநபர் கல்வித் திட்டம்" என நடைமுறையைக் குறிப்பவை தேவலை. அவற்றிலும் நீளம் பார்க்க வேண்டும். இந்த வடிவத்தில் பதிலுக்கு 1,500 மில்லி விநாடிதான் கெடு. நீண்ட கூட்டுச்சொல்லைப் படித்து முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். வாசிப்பு வேகம் மனப்பான்மை வேடத்தில் தரவுக்குள் நுழையும். தேர்ந்த சொற்களை வேறொரு சிறு குழுவிடம் தந்து, ஒவ்வொன்றும் எந்த வகை என்று தடுமாறாமல் சொல்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

கணக்கிடும்போது பயிற்சிப் பதில்களை நீக்கி, 350 மில்லி விநாடிக்குக் குறைந்த பதில்களையும் விடையே வராதவற்றையும் விடவேண்டும். தவறான பதிலின் நேரத்துக்குப் பதிலாக, அந்தக் கட்டத்தின் சராசரியோடு 400 மில்லி விநாடி சேர்த்து வைக்க வேண்டும். இரு கட்டச் சராசரிகளின் வித்தியாசத்தை, சரியான பதில் நேரங்களின் திட்ட விலக்கத்தால் (அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுத்தால் மதிப்பெண். சிலருக்குத் தொடுதிரை, சிலருக்கு விசைப்பலகை என்று கலந்துவிட்டால் இந்தக் கணக்கு எதையும் காப்பாற்றாது.

ஒருவரே மறுமுறை செய்தால் மதிப்பெண் கணிசமாக மாறக்கூடும். எனவே தனி ஆசிரியரைத் தேர்வு செய்யவோ குறை சொல்லவோ இதைப் பயன்படுத்துவது அநியாயம். குழுக்களை ஒப்பிடவே இது உதவும். ஆசிரியர் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளப்பவர்கள், அந்தப் பயிற்சி பெறாத ஒரு குழுவையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும். சோதனை பழகிவிட்டாலே வித்தியாசம் சுருங்கும் என்பதால், அந்தக் குழு இல்லாமல் பயிற்சியின் பலன் எது, பழக்கத்தின் விளைவு எது என்று சொல்ல இயலாது.