ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்: மூன்று உடல்களில் ஒரு பயம்

2002ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், பெரியப்பா மகனிடமிருந்து இரவல் வாங்கிய ஒரு குறுந்தகட்டின் வழியாகத்தான் 'ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்' என்னும் விளையாட்டு எங்கள் வீட்டுக் கணினிக்குள் வந்தது. பகல் முழுவதும் கணினி அக்காவின் வசம் இருந்ததால், எல்லோரும் படுத்த பிறகே எனக்குக் கிடைக்கும். ஸ்பீக்கரின் ஒலியை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டுதான் ஆடினேன். அப்படியும் மூன்றாம் நாள் இரவு அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "என்னடா அது, ஆஸ்பத்திரியில மாட்டி விடுற மெஷின் மாதிரி சத்தம்? நிறுத்திட்டுப் படு." துப்பாக்கிச் சத்தமும் அலறலும் அவரை எழுப்பவில்லை, விட்டு விட்டு ஒலித்த ஒரு சின்ன பீப்தான் எழுப்பியிருக்கிறது.

அந்த பீப், மோஷன் டிராக்கர் என்னும் கருவியின் ஒலி. சுற்றுவட்டத்தில் ஏதேனும் அசைந்தால் திரையின் மூலையில் ஒரு புள்ளி தோன்றும்; அது நெருங்க நெருங்க ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். அசையாமல் காத்திருப்பதை அந்தக் கருவி காட்டாது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் காட்டாது. புள்ளி நேர் எதிரே இருக்கும், சுருதி உச்சத்துக்குப் போய்விட்டிருக்கும், கண்ணெதிரே வெறும் நடைபாதைதான் தெரியும். அப்போதுதான் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது உறைக்கும். 1986இல் ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய 'ஏலியன்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தருணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், படத்தில் கூரைப் பலகையை நீக்கிப் பார்ப்பவர் இன்னொருவர். இங்கே மவுஸ் நம் கையில் இருக்கிறது. நாம் மேலே பார்த்தால்தான் திரையும் மேலே பார்க்கும்.

இந்த விளையாட்டை உருவாக்கிய ரெபெல்லியன் நிறுவனம் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஜேசன் கிங்ஸ்லி, கிறிஸ் கிங்ஸ்லி என்னும் சகோதரர்கள் 1992இல் தொடங்கியது. 1994இல் அட்டாரி ஜாகுவார் என்னும் விளையாட்டுக் கருவிக்காக அவர்களே ஏறக்குறைய இதே பெயரில் ஒரு விளையாட்டைச் செய்திருந்தார்கள். அதிலும் மனிதப் படைவீரன், ஏலியன் என்னும் வேற்றுலகக் கொடும்பிராணி, பிரிடேட்டர் என்னும் வேற்றுலக வேட்டைக்காரன் என்று மூன்று பேரில் யாராகவும் ஆடலாம். 1999இல் ஃபாக்ஸ் இன்டராக்டிவ் வெளியீடாகக் கணினிக்கு வந்தபோது அந்த மூன்று உடல்கள் என்ற யோசனை முழு வளர்ச்சி அடைந்திருந்தது. இரண்டு திரைப்பட அரக்கர்களையும் மோதவிட்டவர்கள் முதலில் படக்கதைக்காரர்கள்; டார்க் ஹார்ஸ் நிறுவனத்தின் படக்கதை வந்த பிறகுதான் 1990இல் 'பிரிடேட்டர் 2' படத்தில், வேட்டையாடியவற்றின் மண்டையோடுகளை மாட்டிவைத்த சுவரில் ஒரு ஏலியன் மண்டையோடு தொங்கியது.

பிற்காலத்தில் இந்த வகையில் எத்தனையோ விளையாட்டுகளை ஆடிவிட்டேன். இருந்தும் 1999இன் முரட்டு முக்கோணங்களாலான அந்த அரக்கர்கள் ஏன் இன்னும் அதிகமாகப் பயமுறுத்துகிறார்கள் என்று பலமுறை யோசித்ததுண்டு. எனக்குப் பிடிபட்ட விடை இதுதான்: அந்த விளையாட்டு மூன்று பாத்திரங்களுக்கும் வெவ்வேறு ஆயுதங்களைத் தருவதற்கு முன்பாக, வெவ்வேறு புலன்களைத் தருகிறது. எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம், எதை அறியவே முடியாது என்பதை ரேஷன் கடை அளவையைப் போலப் பார்த்துப் பார்த்து அளந்து கொடுக்கிறது.

இந்தப் பங்கீட்டில் மிகவும் ஏழை, மரைன் என்னும் மனிதப் படைவீரன். ஏலியன் வரிசையின் முதல் படத்தில் வரும் சிதைந்த அயல்கலம் கிடக்கும் எல்வி-426 என்னும் துணைக்கோளில்தான் அவனுடைய கதை தொடங்குகிறது. அவனிடம் பல்ஸ் ரைபிள் உண்டு, அதில் கிரனேடும் உண்டு. பின்னால் தானாகவே குறிபார்க்கும் ஸ்மார்ட்கன்கூடக் கிடைக்கும். இல்லாதது வெளிச்சம்தான். இருட்டைச் சமாளிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கையால் வீசும் ஃபிளேர். கொஞ்ச நேரம் எரிந்து அணைந்துவிடும், எரியும்வரை எல்லாப் பக்கமும் நிழலாடும். மற்றொன்று, இருளிலும் பார்க்க உதவும் இமேஜ் இன்டென்சிஃபையர். அதைப் போட்டால் நடைபாதையின் கடைசிவரை தெரியும். ஆனால், போட்ட கணமே மோஷன் டிராக்கர் செயலிழந்துவிடும். கண் வேண்டுமென்றால் காதைக் கொடு, காது வேண்டுமென்றால் கண்ணைக் கொடு என்பதுதான் பேரம். விளையாட்டு வடிவமைப்பில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு கொடுமையான இன்னொரு விதியை நான் பார்த்ததில்லை.

இந்த விதி கையில் என்ன செய்கிறது என்பதை ஆடிப் பார்த்தால்தான் தெரியும். கதவு ஒன்று திறக்கிறது, உள்ளே கும்மிருட்டு. டிராக்கரில் இரண்டு புள்ளிகள் தோன்றி மறைகின்றன. இன்டென்சிஃபையரைப் போடுகிறேன், அறை காலியாக இருக்கிறது, ஆனால் பீப் நின்றுவிட்டது, அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கிறது. அணைக்கிறேன், மீண்டும் இருட்டு, மீண்டும் பீப், முன்பைவிட மேல் சுருதியில். மறுபடியும் போடுகிறேன். இப்படி அந்த ஒரு விசையைத் தட்டித் தட்டியே, ஒரு குண்டுகூடச் சுடாமல், வாசலிலேயே பல நிமிடங்கள் நின்ற நாட்கள் உண்டு. என் 14 அங்குல மானிட்டரின் அடியில் இருந்த பிரைட்னஸ் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்து ஆடிய பாவத்தையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். கறுப்பு சாம்பலானது, பயம் போனது, கூடவே விளையாட்டும் போனது. மறுநாளே திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஏலியன் கண்ணில் பட்ட பிறகும் கணக்கு மரைனுக்குச் சாதகமாக இல்லை. அது தரையில் மட்டும் ஓடி வருவதில்லை. சுவரில் ஏறி, கூரையில் கவிழ்ந்து, மறுபக்கம் இறங்கி வரும். காலைச் சுட்டுத் துண்டித்தாலும் கையால் தவழ்ந்து வரும். மிக அருகில் வைத்துச் சுட்டால் அதன் அமில ரத்தம் நம்மேல் தெறித்து நம் உயிரைக் குறைக்கும். ஃபேஸ்ஹக்கர் இருக்கிறதே, அது இன்னும் மோசம். உள்ளங்கை அகலச் சிலந்தியைப் போலத் தரையோடு ஊர்ந்து வந்து முகத்தில் பாய்ந்தால், எவ்வளவு உயிர் மீதமிருந்தாலும் அத்தோடு ஆட்டம் முடிந்தது. போதாததற்கு, ஏலியன்கள் எங்கிருந்து எப்போது வரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். மனப்பாடம் செய்து தேர்வெழுதிப் பழகிய எனக்கு அதுதான் பெரிய அடியாக விழுந்தது. நேற்று வந்த மூலையில் இன்று வராது. நேற்று பத்திரமாகக் கடந்த படிக்கட்டில் இன்று காத்திருக்கும்.

இவற்றோடு சேர்த்து இன்னொன்றும் இருந்தது. முதலில் வெளியான வடிவத்தில் ஒரு லெவலின் நடுவில் சேவ் செய்யவே முடியாது. இறந்தால் லெவலின் தொடக்கத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அன்று விமர்சகர்கள் இதைக் கடுமையாகக் குறை கூறினார்கள். ரெபெல்லியனும் பின்னர் ஒரு லெவலுக்கு இத்தனை முறை என்ற கணக்கில் சேவ் வசதியைச் சேர்த்தது. என் கைக்கு வந்தது அந்த வசதி இல்லாத பழைய பிரதி. குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அரை மணி நேர உழைப்பு ஒரு ஃபேஸ்ஹக்கரின் பாய்ச்சலில் கரைந்து போகும்போது விசைப்பலகையைத் தூக்கி எறியத் தோன்றும். ஆனாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்? சேவ் செய்த மறுகணமே ஒவ்வொரு இருட்டு அறையும் வெறும் அறையாகிவிடுகிறது.

பிரிடேட்டரின் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. அவனுக்குப் புலன்கள் தாராளம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். வெப்பத்தைக் காட்டும் பார்வையில் மனிதர்கள் பளிச்சென்று தெரிவார்கள், ஏலியன்கள் பின்னணியோடு கரைந்துவிடும். வேறொரு பார்வைக்கு மாற்றினால் ஏலியன்கள் ஒளிரும், மனிதர்கள் மங்கிவிடுவார்கள். இரண்டும் கலந்து வரும் இடங்களில்தான் அவன் திணறுகிறான். உருவை மறைக்கும் சாதனமும் தோள் பீரங்கியும் காயத்தை ஆற்றும் கருவியும் ஒரே ஆற்றல் இருப்பிலிருந்துதான் செலவாகின்றன என்பது நல்ல யோசனை. இருந்தாலும் 1987இல் வந்த முதல் படத்தில் காட்டுக்குள் ஒளிந்து நின்று வேட்டையாடும் அந்த நிதானம் இங்கே முழுமையாக வரவில்லை என்பது என் எண்ணம். மறைந்திருந்து மனிதர்களைப் பார்க்கும் முதல் சில நிமிடங்கள் நன்றாக இருக்கும். பிறகு அதுவும் ஒரு சுடும் விளையாட்டாகிவிடுகிறது.

ஏலியனின் உடல்தான் உண்மையான புதுமை. பார்வை மீன்கண் லென்ஸ் போல இருபுறமும் விரிந்து வளைந்திருக்கும். ஒரு விசையை அழுத்திக்கொண்டு ஓடினால் தரை சுவராகும், சுவர் கூரையாகும், கூரை மறுபடி தரையாகும். மறைந்து நிற்கும் பிரிடேட்டர்கூட அதன் கண்ணுக்குத் தப்ப முடியாது. துப்பாக்கி கிடையாது, நகமும் வாலும் உள்வாயும் மட்டுமே. எதிரியின் தலையைக் கடித்தால் இழந்த உயிர் திரும்பும். முதன்முதலாக ஆடியபோது அரை மணி நேரத்தில் தலை சுற்றிப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். சுற்றல் நின்றதும்தான் கவனித்தேன், அதுவரை ஒரு முறைகூட நான் பயப்படவே இல்லை. கூரையிலிருந்து பார்க்கையில், கீழே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு இங்குமங்கும் திரும்பும் மரைன் எவ்வளவு அற்பமாகத் தெரிகிறான்! முந்தின இரவு வாசலில் நின்று விசையைத் தட்டிக்கொண்டிருந்தவன் நான்தான் என்பது நினைவுக்கு வந்தபோது சற்று வெட்கமாகக்கூட இருந்தது.

இதற்குப் பின் வந்தவற்றில் என் எண்ணத்துக்கு வலுச் சேர்ப்பவை மூன்று. 2001இல் மோனோலித் உருவாக்கிய இரண்டாம் பாகத்தில் மரைனின் தொடக்கப் பகுதியில் நெடுநேரம் ஒரு எதிரியும் வராது. டிராக்கர் மட்டும் அவ்வப்போது எதையாவது பார்த்துக் கத்தி நம்மை ஏமாற்றும். 2014இல் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கிய 'ஏலியன்: ஐசொலேஷன்' துப்பாக்கியை ஏறக்குறையப் பயனற்றதாக்கிவிட்டு டிராக்கரை மட்டும் வைத்துக்கொண்டது. அதிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது: ஏலியன் மிக அருகில் இருந்தால் அந்தக் கருவியின் ஒலியே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். நாம் இருக்கும் இடத்தை அறிந்த ஒரு நிரல், ஏலியனுக்கு அவ்வப்போது குறிப்பு மட்டும் கொடுக்கும். மீதியை அது தானே மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அரக்கனுக்கும் அறிவை அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, 2013இல் கியர்பாக்ஸ் பெயரில் வந்த 'ஏலியன்ஸ்: கொலோனியல் மரைன்ஸ்'. அதில் ஏலியன்கள் புத்தியற்று நேராக ஓடிவந்து குண்டுக்கு இரையாகின்றன என்று அன்று எல்லோரும் சிரித்தார்கள். 2018இல் ஒரு செய்தி பரவியது. விளையாட்டின் அமைப்புக் கோப்பில் 'டெதர்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருக்கிறதாம். ஏலியன்கள் பதுங்கவும் சுற்றி வளைக்கவும் வழிகாட்ட வேண்டிய கட்டளை அந்த எழுத்துப்பிழையால் இயங்கவே இல்லையாம். அந்த ஓர் எழுத்தை நீக்கிவிட்டு ஆடிப் பார்த்தேன். விளையாட்டு திடீரென்று மகத்தானதாகிவிடவில்லை. மற்றக் குறைகள் அப்படியே இருந்தன. ஆனால், ஒன்றிரண்டு ஏலியன்கள் நேரே வராமல் பக்கவாட்டில் நழுவி மறைந்தபோது, பல மணி நேர ஆட்டத்தில் முதன்முறையாகத் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

1999இன் மூலத்தைக் 'கிளாசிக் 2000' என்ற பெயரில் இன்றைய கணினிகளுக்கு ஏற்ற வடிவில் விற்கிறார்கள். சென்ற மாதம் வாங்கினேன். அதில் சேவ் வசதி இருக்கிறது. பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டு ஹெட்போனை மாட்டி மரைனாகத் தொடங்கினேன். இரண்டாவது லெவலின் பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நீண்ட நடைபாதையில் ஒற்றைப் புள்ளி தோன்றியது. வீசிய ஃபிளேர் எரிந்து முடியும்வரை காத்திருந்தேன், எதுவும் வரவில்லை. இன்டென்சிஃபையரைப் போட்டேன். பீப் நின்றது. நடைபாதையில் யாரும் இல்லை. அண்ணாந்து பார்த்தேன், கூரையிலும் யாரும் இல்லை. டிராக்கரைக் கேட்கலாம் என்று இன்டென்சிஃபையரை அணைத்தபோது, ஃபேஸ்ஹக்கர் ஏற்கெனவே பாய்ந்துவிட்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, லெவலைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.