பழைய ஃபிரிட்ஜில் ஒரு சிங்கி இறால்

ஹோட்டல் சமையலறையில் கோல்ட் ரூமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் உள்ளே போனதும் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பேன். சரி, அப்புறம் டப்பா டப்பாவாக லேபிள். தேதி எழுதாத டப்பா கையில் கிடைத்தால், 'கௌபாய் பீபாப்' தொடரின் 11ஆம் அத்தியாயம் உடனே நினைவுக்கு வந்துவிடும்.

1998இல் ஜப்பானில் வந்த அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர் அது. ஷினிசிரோ வாட்டனபே இயக்கியது. கதை நடப்பது 2071இல். தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடித்துக்கொடுத்துப் பிழைக்கும் சிலர், மீன்பிடிக் கப்பலை மாற்றியமைத்த ஒரு விண்கலத்தில் வாழ்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் ஏதோ ஒன்று அவர்களைக் கடிக்கிறது. ஜெட், ஃபே, நாய் ஐன் என்று ஒவ்வொருவராக மயங்கி விழ, ஸ்பைக் தனியாக வேட்டைக்குக் கிளம்புகிறான். இருட்டு, குழாய்கள், மூலையில் ஏதோ அசைவு. அசல் திகில் படமேதான்.

கடைசியில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் முன்னால் வந்து நிற்கிறான். அங்கேதான் நினைவு வருகிறது. ஒரு வருஷத்துக்கும் முன்னால், வியாழனின் நிலவான கனிமீடிலிருந்து வந்த சிங்கி இறால் ஒன்றை, யார் கண்ணிலும் படாமல் தனக்கென்று அதில் ஒளித்து வைத்தவன் அவனேதான்! அது அழுகி உருமாறிப் பிறந்ததுதான் அந்தக் கடிக்கும் ஜந்து. ஃபிரிட்ஜில் எதையும் போட்டுவிட்டு மறக்காதே என்பதுதான் அவன் நமக்குச் சொல்லும் பாடம். ஃபிரிட்ஜ் விண்வெளிக்குத் தள்ளப்படுகிறது. பின்னணியில் சைக்கோவ்ஸ்கியின் 'பூக்களின் வால்ட்ஸ்' இசை. மிச்சமிருந்த ஜந்தைச் சிறுமி எட் தூக்கத்திலேயே எடுத்துத் தின்றுவிடுகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

ஸ்பைக்கைச் சோம்பேறி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். குடைமிளகாய் மாட்டிறைச்சி வறுவல் என்று ஜெட் பரிமாறுகிறான், அதில் இறைச்சியே இல்லை. காசில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவனுக்கு ஒரு சிங்கி இறால் கிடைத்தால் உடனே தின்ன மனசு வருமா? நல்ல நாளுக்கு என்று எடுத்து வைப்பான். எங்கள் கோல்ட் ரூமிலும் கெட்டுப்போய்க் கண்டெடுப்பது பெரும்பாலும் வெங்காயமோ தக்காளியோ இல்லை. யாரோ ஆசையாக ஒதுக்கி வைத்ததுதான்.

போன வருஷம் வெண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பின்னால், மூன்று சுற்று பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு டப்பா. பிரித்தேன். கேக். மேலே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை. அதற்கடியில் க்ரீமில் எழுதிய 'அம்மா' மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"யாருதுப்பா இது?"

பயிற்சிக்கு வந்த பையன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "என்னுதுண்ணே. நான் முதல்ல செஞ்ச கேக். ஊருக்குக் கொண்டுபோக செஃப்கிட்ட கேட்டு வச்சேன். லீவு தள்ளிப்போச்சு."

தூக்கிப்போடத்தான் வேண்டியிருந்தது. அதை அவனையே செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு அலமாரித் தட்டைக் காலிசெய்து, ஊழியர்களின் சொந்தப் பொருளுக்கு என்று ஒதுக்கினேன். பெயர், தேதி, என்றைக்கு எடுத்துப் போவார்கள் என்பது மூன்றும் எழுத வேண்டும். அவனுக்கு லீவு கிடைத்த வாரம் அதில் புதுக் கேக் ஒன்று இருந்தது. லேபிளில் கொட்டை எழுத்தில்: 'அம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்.'