சிஎஸ்வி பட்டியல் ஏற்றுவதற்குள் போன மூன்று நாள்

412 பயனாளிகளின் விவரத்தை சிஎஸ்வி ஃபைலாக (மதிப்புகளைக் கமாவால் பிரித்து வைக்கும் எழுத்து ஃபைல்) ஒரு தளத்தில் மொத்தமாக ஏற்றும் வேலை இன்றுதான் முடிந்தது. நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். உதவி மையத்தைக் கேட்டால் 'ஃபைல் ஃபார்மட் தவறு' என்ற ஒரே பதில். எந்த வரி, எந்த நெடுவரிசை என்று கடைசிவரை சொல்லவில்லை.

சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். 12 இலக்க ஆதார் எண் 1.23457இ+11 என்று சுருங்கும். அப்படியே சேமித்தால் ஃபைலுக்குள்ளும் அதுதான் பதிவாகும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் சுழியங்கள் உதிர்ந்துவிடும். எக்செல் 15 இலக்கம்வரைதான் சரியாக வைத்திருக்கும் என்பதால், 16 இலக்கக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். பணம் போய்ச் சேர வேண்டிய எண் இது. பார்த்தால் தவறென்றே தெரியாது. எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தால், எந்த நெடுவரிசை எந்த வகை என்று இறக்கும்போதே கேட்கும். எண் நெடுவரிசைகள் எல்லாவற்றையும் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள்.

இரட்டைப் பதிவு தேட எக்செல்லில் கவுன்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சூத்திரம்) போட்டால் அதுவும் ஏமாற்றும். டெக்ஸ்டாக இருந்தாலும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே என்றுவிடும். தேடும் மதிப்போடு ஒரு நட்சத்திரக் குறி (*) சேர்த்தால் சரியாகும்.

ஒரு நாளை முழுதாகத் தின்றது தலைப்பு வரி. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக மாறாதிருக்க 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று எக்செல்லில் சேமித்தேன் (யுடிஎஃப்-8 என்பது தமிழ் எழுத்தையும் தாங்கும் குறியீட்டு முறை). உடனே 'முதல் நெடுவரிசை இல்லை' என்றது தளம். கண்ணெதிரே இருக்கிறதே! அப்படிச் சேமிக்கும்போது ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொள்கிறது. அது தலைப்போடு சேர்ந்து வேறு பெயராகிவிடுகிறது. நோட்பேடில் திறந்து, பிஓஎம் இல்லாத வெறும் 'யுடிஎஃப்-8' என்று மறுபடி சேமித்ததும் ஏற்றுக்கொண்டது.

முகவரியில் கமா இருந்தால் அந்த மதிப்பு முழுவதும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். பிறந்த தேதியில் கவனம்: கணினி அமெரிக்க முறையில் (மாதம் முதலில்) இருந்தால் 03/04/2009 மார்ச் 4 ஆகிவிடும், 25/04/2009 மட்டும் டெக்ஸ்டாக அப்படியே நிற்கும். பாதி மாறி பாதி மாறாமல் கிடந்தால் இதுதான் காரணம். வாட்ஸப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டிய பெயர்களில், வீண் இடைவெளியை எடுக்கும் ட்ரிம் சூத்திரமும் நீக்காத இடைவெளி இருக்கலாம். அதன் குறியீடு 160, சப்ஸ்டிட்யூட் (ஒன்றை இன்னொன்றாக மாற்றும் சூத்திரம்) போட்டு எடுக்க வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் லென் (எழுத்துகளை எண்ணும் சூத்திரம்) போட்டு நீளம் பாருங்கள்: ஆதார் 12, செல்பேசி 10, வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி 11. ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது எழுத்து சுழியம்; ஆங்கில 'ஓ' என்று அடித்தவர்கள் எங்கள் பட்டியலில் ஒன்பது பேர்.