மூணாவது சிலிண்டரில் 130

மாமா பையன் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் ஒன்றை வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், சிலிண்டருக்கு ஐந்து வால்வு. விற்பவர் பெரம்பூர்க்காரர். எங்கேயோ கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்ற சோதனை) எடுத்து, சீட்டை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார்: 118, 120, 96, 119. எல்லாம் பிஎஸ்ஐ என்ற அழுத்தக் கணக்கு. "இன்ஜினே போச்சுண்ணா" என்று இவன் எனக்கு போன் அடித்தான்.

எனக்கு இன்ஜின் மேல் சந்தேகம் வரவில்லை, டெஸ்ட் எடுத்தவர் மேல்தான் வந்தது. மூன்று சிலிண்டரின் அளவு ஏறக்குறைய ஒன்றாக நிற்கிறது, ஆனால் மூன்றுமே கம்மி. தேய்மானம் அப்படிப் பங்கு போட்ட மாதிரி வருவது அபூர்வம். எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தால் முதல் கேள்வி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தார்களா என்பது. த்ராட்டில் (காற்று உள்ளே போகும் கதவு) மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதுமான காற்றே போகாது, அப்புறம் பிஸ்டன் எதை அமுக்கும்? அடுத்தது பேட்டரி, அது சோர்ந்திருந்தால் இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றும். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்குமோ என்ற கவலையெல்லாம் அதற்கும் பிறகுதான்.

சரி என்று வண்டியைக் காசிமேட்டுப் பக்கம் வரவழைத்தோம். அங்கே விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். படகுக்கு அவர் வைத்திருக்கும் கேஜ் 1000 பிஎஸ்ஐ வரை போகும்; டீசலில் 400 சாதாரணம். அதை பெட்ரோல் வண்டியில் மாட்டினால் முள் கீழேயே கிடக்கும், சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால் பெட்ரோலுக்குத் தனியாக 300 வரை உள்ள கேஜ். அதன் ஓஸின் நுனியிலேயே சின்ன வால்வு இருக்கிறதா என்று அவர் முதலில் பார்த்தார். அது மேலே கேஜ் பக்கம் இருந்தால் ஓஸுக்குள் இருக்கும் இடமும் சிலிண்டரோடு சேர்ந்துகொள்ளும், அளவு கம்மியாகக் காட்டும். மலிவு கேஜ்களில் இந்தக் கோளாறு உண்டு.

இன்ஜின் சூடான பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கி, நான் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்று. 162, 160, 130, 163.

மூன்று சிலிண்டர் நாற்பது பிஎஸ்ஐயோ அதற்கு மேலோ ஏறிவிட்டது. பழைய சீட்டு த்ராட்டில் மூடி எடுத்ததுதான். ஆனால் மூணாவது அதே விகிதத்தில், மற்றதில் எண்பது சதவீதமாகவே நின்றது. அதாவது பழைய சீட்டில் அந்த ஒரு சேதி மட்டும் உண்மை.

"நம்பர வுடு நைனா, முள்ளு ஏர்றத பாரு" என்றார் அண்ணன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் முதல் அடியில் (பிஸ்டன் ஒரு முறை அமுக்குவது ஓர் அடி) முள் சோம்பலாக எழும், அடுத்தடுத்த அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவரும். இங்கே முதல் அடியும் கம்மி, பிறகும் பெரிதாகத் தேறவில்லை. அது வால்வின் குணம். உறுதி செய்ய பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுத்தோம்: 134. ரிங்காக இருந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு) சந்தேகப்பட்டிருப்போம், இங்கே ஒன்றுதான்.

கடைசியாக மூணாவது பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரெஷன் அடியில் இரண்டு பக்க வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கியர் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு (இல்லையென்றால் காற்றழுத்தம் பிஸ்டனைத் தள்ளிவிடும்), பிளக் ஓட்டையில் கம்ப்ரெஸர் காற்றைக் கொடுத்தோம். ஆயில் மூடி வழியாக லேசான சத்தம், அது எந்த இன்ஜினிலும் இருக்கும். ரேடியேட்டரில் குமிழ் இல்லை. ஏர் ஃபில்டர் பக்கம் அமைதி. சைலன்சரில் காதை வைத்தால் உஸ்ஸ் என்று தெளிவாகக் கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு.

விற்பவர் சும்மா விடவில்லை. ஸ்கோடாவும் சேர்ந்த ஃபோக்ஸ்வேகன் குழும பெட்ரோல் இன்ஜின்களுக்கு சிலிண்டர்களுக்குள் 3 பார் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று கையேட்டிலேயே இருக்கிறதே என்றார். உண்மைதான். ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ; 163-க்கும் 130-க்கும் நடுவே உள்ள 33 பிஎஸ்ஐ என்றால் இரண்டேகால் பார்தான். ஆனால் தேய்மானத்தால் வரும் வித்தியாசமும் எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகி வரும் வித்தியாசமும் ஒன்றல்ல. ஒழுகுகிற இடத்தில் சூடான வாயு பாய்ந்துகொண்டே இருக்கும், வால்வின் விளிம்பு கருகிக்கொண்டே போகும். இன்றைய 130 அடுத்த வருஷமும் 130 ஆக இருக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

"ஓட்டிப் பாருங்க சார், எப்படி இழுக்குது" என்றார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இடம் கிடைத்தபோது ஓட்டினோம். அருமையாகத்தான் இழுத்தது. வேகமாகச் சுற்றும்போது ஒழுக நேரம் கிடைக்காது, டர்போவும் மிச்சத்தை மறைத்துவிடும். சிக்னலில் நின்றபோதுதான் ஸ்டியரிங்கில் ஒரு சின்ன நடுக்கம்.

ஹெட் இறக்கி வால்வு வேலை, அதோடு டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப். இந்தச் செலவு முழுவதையும் விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்டோம். அவர் பாதிக்கு ஒத்துக்கொண்டார். இவனுக்கு அதுவே போதுமாம், அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். ஹெட் இறங்கும் அன்று நாலு சிலிண்டரின் உட்சுவரையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம் என்பதால் நானும் ரொம்ப எதிர்க்கவில்லை.