பேரைச் சொல்லிக் கூப்பிடு

நம் விளையாட்டு ரீச்சர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. நம் பழைய மாணவிகள் சங்கத்தின் இந்த மலரில் அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது நானே கேட்டு வாங்கினேன். நம் பள்ளிக்கூடத்தின் பெரிய வீராங்கனைகள் பலர் இந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் கேடயங்களைப் பற்றி எழுதுவார்கள், எழுதவும் வேண்டும். ஆனால் ரீச்சரின் பெரிய வேலை என்னைப் போன்ற பிள்ளைகளிடம்தான் நடந்தது. எட்டாம் வகுப்பில் என்னிடம் கேள்வி கேட்டால் எழும்பி நிற்பேன், பதில் தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டேன்.

எந்த ரீச்சர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விசில், தொப்பி, பின்னேர மைதானம், மழை என்றால் மண்டபத்துக்குள் டிரில், இல்லப் போட்டிக்கு முதல் வாரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. அவ்வளவும் நம் எல்லாருக்கும் பொது.

நெட்போல், அதாவது வலைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, நடுவில் ஆடுகிற சென்ரர் மேலே போடுகிற அடையாளத் துணியை, சென்ரர் பிப்பை, கையில் தந்தார். வேகமாக ஓடுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் நிற்க, எனக்குத் தந்தார். அப்போது காரணம் விளங்கவில்லை. சென்ரர்தான் ஆட்டத்தைத் தொடங்குபவள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுவட்டத்துக்கு வரும், ஒரு தடவை அந்தப் பக்கத்துச் சென்ரர், மறு தடவை இந்தப் பக்கத்துச் சென்ரர் எறிய வேண்டும். பந்தோடு ஓட முடியாது, நிலத்தில் தட்டிக்கொண்டு போகவும் முடியாது. கையில் பந்து வந்தால் மூன்று செக்கன்தான். அதற்குள் யாருக்குக் கொடுப்பது என்று அந்தப் பிள்ளையே முடிவெடுக்க வேண்டும். அம்மாவைக் கேட்க முடியாது, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்க முடியாது. வாய் திறக்காத பிள்ளையை ஒளிய இடமில்லாத இடத்தில் நிறுத்தினார் ரீச்சர்.

அதற்கு மேல் அவருடைய சொந்த விதி ஒன்று இருந்தது. பந்தை எறிகிறவள் வாங்குகிறவளின் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விசில், பந்து மற்றப் பக்கத்துக்கு. விதிப் புத்தகத்தில் இப்படி ஒன்று கிடையாது. "பேரைச் சொல்லிக் கூப்பிடு பிள்ளை. அவளுக்குப் பேர் இருக்குத்தானே" என்பார். முதல் கிழமைகளில் என் குரல் எனக்கே கேட்காது. ரீச்சர் திட்டவில்லை, விசில் மட்டும் ஊதினார். என் பக்கத்து ஆறு பேரும் என்னால் பந்தை இழந்துகொண்டே இருந்தார்கள். அதற்கு மேல் தாங்காமல் ஒரு நாள் கத்தினேன். மைதானத்தின் அந்தக் கரையில் விங் அற்றாக் இடத்தில் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்தாள், ஓடிவந்து பந்தைப் பிடித்தாள். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு இன்னொருத்தி ஓடிவந்தது எனக்கு அதுவே முதல் தடவை.

அவமானம் என்று சொன்னால் வேலிக்கரைச் சம்பவத்தைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னேரங்களில் பெடியன்கள் சிலர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நின்று பார்ப்பார்கள். ஒரு நாள் நான் எறியக் கை தூக்கியபோது என் கால்களைப் பற்றி ஒருவன் எதையோ உரத்துச் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். பந்தோடு அப்படியே நின்றுவிட்டேன். முகமெல்லாம் எரிந்தது. பாவாடையைக் கீழே இழுத்துவிட்டேன். என் அணிப் பிள்ளைகளும் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தப் பையன் சொன்னதைக்கூட மறந்துவிடலாம், நாங்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

வேறு ஆசிரியராக இருந்தால் எங்களை உள்முற்றத்துக்குக் கூட்டிப்போயிருப்பார். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். ரீச்சர் வேலியடிக்கு நடந்துபோனார். ஒவ்வொருவனிடமும் பேர், வகுப்பு, பள்ளிக்கூடம் என்று ஆறுதலாகக் கேட்டார். மூன்றாவது ஆளுக்கு வரும்போது சைக்கிள்கள் நகரத் தொடங்கிவிட்டன. திரும்பி வந்து எங்களுக்கு ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நான் விட்ட அதே இடத்திலிருந்து எறியச் சொன்னார். அடுத்த நாளும் அதே மைதானம், அதே வேலிப்பக்கம், அதே நேரம். "இது உங்கட கிறவுண்ட்" என்றார்.

வளர்ந்த பிறகு அந்த மூன்று சொல்லின் பெறுமதி இன்னும் கூடித் தெரிகிறது. பெண்பிள்ளைகள் விளையாட்டை விடுவது பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதில்தான். உடம்பு மாறுகிறது, மற்றவர்கள் பார்க்கிறார்கள், பார்க்கிறார்களே என்ற கூச்சம் வருகிறது. கூச்சம் வந்த பிள்ளை மைதானத்தின் ஓரத்துக்கு வருவாள், அப்புறம் வகுப்பறைக்கு, அப்புறம் வரவே மாட்டாள். அது இயல்பு என்று எல்லாரும் சொல்வார்கள். ரீச்சர் அதை இயல்பென்று ஏற்கவில்லை.

விளையாட்டு அறையில் பழைய பிஸ்கட் பெட்டி ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மாதவிடாய் நாட்களுக்குத் தேவையானதெல்லாம் அதற்குள் இருக்கும். யாரிடமும் கேட்கத் தேவையில்லை, எடுக்கலாம். அணிப் பாவாடை கடும் நீலம். வெள்ளைதான் பார்வைக்கு அழகு என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்பட்டபோது, ரீச்சர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். விம்பிள்டனில் பெண்கள் வெள்ளை உடைக்கு உள்ளே கடும்நிறக் காற்சட்டை போடலாம் என்ற அனுமதி நடைமுறைக்கு வந்தது 2023இல்தான். இங்கிலாந்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணியும் அதே வருடம்தான் வெள்ளைக் காற்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு எங்கள் விளையாட்டு அறைதான் நினைவுக்கு வந்தது. உலகப் பெரிய அணிகள் பேசத் தொடங்குவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே, ஒரு பிள்ளை ஏன் இன்றைக்கு விளையாட வரவில்லை என்று ரீச்சர் யோசித்திருக்கிறார்.

நீண்ட ஓட்டம் பெண்பிள்ளைகளின் உடம்புக்குக் கூடாது என்று சொல்லிக்கொண்டு வந்த தகப்பன் ஒருவருக்கு அவர் கொடுத்த பதிலும் நல்ல ஞாபகம். 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். ஓடி முடித்துக் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தன. அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960இல் ரோமில். "முப்பத்திரண்டு வருசம், ஐயா. ஓடிக் களைக்கிறது ஆம்பிளையளுக்கும் உள்ளதுதானே" என்றார் ரீச்சர். அந்த வருட இல்லப் போட்டியில் அந்த மனிதரின் மகளும் 800 மீற்றர் ஓடினாள்.

விளையாடினாலே தன்னம்பிக்கை வந்துவிடும் என்று மேடைகளில் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிழையான கையில் விளையாட்டு இருக்கிற நம்பிக்கையையும் பறித்துவிடும். இரண்டு தலைவிகளை நிறுத்தி ஆள் தெரிவு செய்யச் சொல்வார்களே, கடைசியில் மிஞ்சி நிற்கிற பிள்ளை அன்றைக்கு என்ன படித்துக்கொண்டு போவாள்? எல்லார் முன்னாலும் நிறை பார்த்து எண்ணைச் சத்தமாக வாசித்த இடத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். அது வேறு பள்ளிக்கூடம். ரீச்சர் தெரிவு செய்யச் சொன்னதே இல்லை. பிப்புகளைத் தானே கொடுப்பார், கிழமைக்குக் கிழமை மாற்றுவார். நன்றாக எறிகிற கோல் ஷூட்டர் ஒரு கிழமை கோல் கீப்பராக நின்று, தடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்பாள்.

கோல் எறியப் பழக்கிய முறையையும் சொல்ல வேண்டும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், பின்பலகை எதுவும் கிடையாது. புதிய பிள்ளையை அவர் தூரத்திலிருந்து எறியவிட மாட்டார். வளையத்துக்கு நேர் கீழே நிறுத்தி, அங்கிருந்து தொடர்ந்து விழும்வரை எறிய வைப்பார். விழத் தொடங்கினால் ஒரு அடி பின்னால். திரும்பத் தவறத் தொடங்கினால் அரை அடி முன்னால். "நீ கெட்டிக்காரி" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நேற்று எங்க நிண்டனி, இண்டைக்கு எங்க நிக்கிறாய், பார்" என்பார், நிலத்தில் குதிக்காலால் கீறிய கோட்டைக் காட்டி. பிற்காலத்தில் இங்கே இங்கிலாந்தில் படித்தபோது, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியதைப் பாடத்தில் சந்தித்தேன். ஒருவருக்குத் தன்மேல் நம்பிக்கை வர நாலு வழி உண்டு, அவற்றில் பலமானது தானே செய்து முடித்த அனுபவம், மற்றவர் சொல்லும் உற்சாக வார்த்தை அதைவிடப் பலம் குறைந்தது என்பது அவருடைய கருத்து. வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுக்க, நான் குதிக்காலால் கீறிய கோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோல்வியை ரீச்சர் எடுத்துக்கொண்ட விதம் தனி. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் பி.ரி. உஷா 400 மீற்றர் தடைதாண்டலில் நூற்றில் ஒரு பங்கு செக்கனால் வெண்கலத்தைத் தவறவிட்டார். எல்லாரும் கவலைப்பட்டார்கள். ரீச்சர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னது, அந்த ஓட்டத்தை வென்ற மொரோக்கோவின் நவால் எல் முத்தவக்கல் பற்றியும், நாலாவதாக வந்த உஷா இறுதிப் போட்டிவரை ஓடிய சுற்றுக்கள் பற்றியும். எங்கள் ஆட்டத்திலும் அப்படித்தான். தோற்றுவிட்டு அழுகிறவர்களை அழவிடுவார். பிறகு மூன்றாவது கால்பகுதியில் பந்து எந்தப் பக்கத்தால் போனது, யார் யாரைக் கூப்பிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சரி, நாங்கள் செய்தது இவ்வளவு என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவோம்.

நெட்போலை அவர் வெள்ளைக்காரரின் விளையாட்டு என்று சொல்லவிட மாட்டார். 1960இல் பல நாட்டுப் பெண்கள் இலங்கையில் கூடித்தான் இந்த விளையாட்டுக்கு ஒரே சர்வதேச விதிகளை வகுத்தார்கள், அதனால் விதிப்படி விளையாடுவது நமக்கு மரியாதை என்பார். அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்று அடி விதி. பந்து வைத்திருப்பவளைத் தடுக்க வருகிறவள் 0.9 மீற்றர் தள்ளித்தான் நிற்க வேண்டும். "அந்த மூண்டடி உன்ர. அதுக்குள்ள நிண்டு யோசி" என்பார் ரீச்சர். வேலைத்தலத்தில் யாராவது மேசையில் குனிந்து முகத்துக்கு நேரே குரலை உயர்த்தினால், இன்றைக்கும் என் உடம்பு அந்தத் தூரத்தைத் தானாக அளக்கும். மூன்று செக்கன் எடுத்து, பதிலைச் சொல்லிவிடுவேன்.

2019இல் லிவர்பூலில் நெட்போல் உலகக் கிண்ணம் நடந்தபோது இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்க்கவென்றே போனேன். ஆறு அடி பத்து அங்குல உயரம், வளையத்தடியில் தலைநிமிர்ந்து நின்றார். உயரத்தை மறைக்கக் கூனிக் குறுகி நடந்த எத்தனை பிள்ளைகளை நாம் வகுப்பில் பார்த்திருக்கிறோம். இலங்கை அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. அவர் கோல் போட்டுக்கொண்டே இருந்தார். அரங்கத்துக்கு வெளியே வந்து ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொரு ஆட்டத்தின் விபரமும் கேட்டார். கடைசியாக, "நீ விளையாடுறியோ?" என்றார். இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் என்றேன். "ஏன், உனக்குக் கால் இல்லையோ?"

இங்கே இங்கிலாந்து நெட்போல் அமைப்பு, விளையாட்டை விட்ட பெண்களைத் திரும்பக் கூட்டிவர ஒரு திட்டம் நடத்துகிறது. அதில் சேர்ந்தேன். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். முதல் நாள் எல்லாரும் மேற்சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு நின்றார்கள். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. எறியும்போது பேர் சொல்வோமா என்று பயிற்றுநரிடம் கேட்டேன், சம்மதித்தார். ஒரு மணித்தியாலத்தில் அந்த மண்டபமே பேர்களால் நிறைந்துவிட்டது. ரீச்சரிடம் இதைச் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார்.

எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், மாவட்டப் போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வீட்டில் பயணம் சரிவந்துவிட்டது. நாட்டு நிலைமையில் அதைத் தள்ளிப்போட யாராலும் முடியாது. அந்த அணியோடு அவ்வளவு காலம் ஓடிவிட்டு, அந்த ஆட்டத்தை ஆடாமல் வந்தேன். அணியில் ஒருத்தி இப்போது கனடாவில், ஒருத்தி அவுஸ்திரேலியாவில், இரண்டு பேர் சுவிசில். அவர்களும் ஒவ்வொருவராக வெளிக்கிட்டவர்கள்தான். பயிற்றுவிக்கப் பிள்ளைகள் நின்றுபிடிக்காத ஒரு மைதானத்தில் ரீச்சர் ஓய்வுபெறும்வரை விசிலோடு நின்றார். அவர் எங்களுக்குள் வளர்த்த துணிவையெல்லாம் நாங்கள் வேறு நாடுகளுக்கு எடுத்துவந்து, வேறு நாடுகளில் செலவழித்தோம்.

மாவட்டப் போட்டியில் என் இடத்துக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் போட்டதாக ரீச்சர் கடிதம் எழுதியிருந்தார். நன்றாக ஆடினாள் என்றும் எழுதினார். பேரை எழுத மறந்துவிட்டார், நானும் பிறகு ரீச்சரிடம் கேட்கவே இல்லை. அன்றைக்கு சென்ரர் பிப் போட்ட தங்கச்சி, இந்த மலர் உங்கள் கையில் கிடைத்தால் சங்க முகவரிக்கு உங்கள் பேரை எழுதி அனுப்புங்கள். அந்த ஆட்டம் எப்படிப் போனது என்று உங்களிடம் முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும்.